தவணையில் ஒரு மலை

நாலே முக்காலுக்குத் தெலுக் பிளாங்காவில்
விழித்திருப்பது நானும்
சந்தைக்கு மீன் இறக்கும் லாரியும்தான்.
மின்தூக்கிக்குள் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி
கரடியோடு நடனமாடுபவள்போல்
பன்னிரண்டு மாடி இறங்குகிறேன்.

எங்கள் தீவில் மலை கிடையாது.
இருக்கிற மேடுகளை மலை என்று அழைப்பது
எங்கள் பெருந்தன்மை.
ஃபேபர் குன்றில் அடி முதல் உச்சி வரை
நான் அளந்த ஏற்றம் எழுபது மீட்டர்.
பக்கத்து வீவக கட்டடம் சற்றே எக்கினால்
அதன் உச்சந்தலையைப் பார்த்துவிடும்.

வங்கியில் இருபத்திரண்டு வருடம்
வீட்டுக்கடன் பிரிவில் உட்கார்ந்தவளுக்கு
இதற்கு வழி தெரியாதா?
மொத்தமாக வாங்க முடியாததைத்
தவணையில் வாங்கு.

பிரான்சின் தெற்கே, செவென் மலைகளில்
சியூ லிங் தேடிப் பிடித்த கிராமத்துச் சாலை
நானூற்றுத் தொண்ணூறு மீட்டர் ஏறுகிறது.
கார் வராதாம். மாடு வந்தால்
நாம்தான் இறங்கி வழிவிட வேண்டுமாம்.
விமானச் சீட்டைப் பார்த்த மகன்
"செவனா? மீதி ஆறு மலை எங்கேம்மா?" என்றான்.
எழுபதால் வகுத்துப் பார்த்தேன்.
ஏழேதான்.

முதல் ஏற்றம் எப்போதும் பொய் சொல்லும்,
உனக்கு இருபத்தைந்து வயது என்று.
இரண்டாவது உண்மையைச் சொல்லும்
முழங்காலின் காதில் மட்டும்.
மழைமரங்கள் இருட்டைச் சாலைமேல் காயப்போட்டிருக்க
விளக்கின் ஒரு முழ வெளிச்சத்தை
முன்னால் தள்ளிக்கொண்டே போகிறேன்.
எங்கோ ஒரு காட்டுச் சேவல்
நேரம் தவறிக் கூவி
தானே வெட்கப்பட்டு நிறுத்துகிறது.

ஏறியதை எல்லாம்
இங்கே உடனுக்குடன் திருப்பிக் கட்ட வேண்டும்.
பிரேக் கத்தக் கத்த இறங்கி
தெருமுனையில் வட்டமடித்து
மீண்டும் கடன்.
அங்கே, சியூ லிங் சொல்கிறாள்,
உச்சியைத் தாண்டினால் சாலை
வேறொரு பள்ளத்தாக்கில் இறங்குமாம்.
திரும்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லையாம்.

நான்காவதில் கைப்பிடிமேல் இருந்த மீட்டர்
ஒரு முறை சிமிட்டிச் செத்தது.
பிறகு கணக்கு நான்தான்.
கீழே துறைமுகத்தில் பளுதூக்கிகள்
சிவப்பு விளக்கோடு கழுத்தை நீட்டி நிற்க,
கேபிள் கார் இன்னும் கிளம்பாத கம்பி
கடலுக்கு மேல் சும்மா தொங்குகிறது.
வியர்வை கண்ணில் இறங்கி
கப்பல்களை இரண்டிரண்டாக்குகிறது.

உச்சி வளைவில் ஒருவர் இலை பெருக்குகிறார்.
நான் கடக்கும்போதெல்லாம்
துடைப்பத்தை நிறுத்தி ஒதுங்குவார்.
அவர் பெருக்கி முடித்த இடத்தில்
அதற்குள் ஏழெட்டு இலைகள்.

"ஏழு!" என்றேன், காலை ஊன்றி,
யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே.
அவர் தலையை ஆட்டினார்.
துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒரு கை முழுதும், மறுகையில் ஒரு விரலும் காட்டி,
"சிக்ஸ், மேடம்."
"நோ நோ, செவன்."
"சிக்ஸ்."
மூச்சு வாங்குபவள் கணக்கும்
வேடிக்கை பார்த்தவர் கணக்கும் முட்டிக்கொண்டால்
கடன் பிரிவில் நாங்கள்
கடன்காரரை நம்புவதில்லை.

தண்ணீர்ப் புட்டியில் அவருக்கும் ஒரு வாய்.
பெயர் ஷஃபிகுல்.
"உங்க ஊர்ல மலை இருக்கா?"
சிரித்தார். உள்ளங்கையைக் காற்றில் படுக்கவைத்து
தட்டையாக இழுத்தார், நெடுந்தூரத்துக்கு.
"ஒன்லி வாட்டர்."

இறங்கினேன்.
திரும்பினேன்.
தொடையில் எறும்புப் புற்று.
பாதி வழியில் எழுந்து நின்று மிதிக்க
சங்கிலி ஒரு பல் தாவிப் பிடித்தது.
கிழக்கே வானம் கோப்பியில் பால் விழுந்ததுபோல்
ஓரத்தில் கலங்கியது.
கணக்கு இல்லை, மகன் இல்லை, மே மாதம் இல்லை;
அடுத்த பத்தடி, அதற்கடுத்த பத்தடி.
மாடு வந்தால் இறங்கியிருப்பேன்.
வரவில்லை.

வளைவில் ஷஃபிகுல்
ஏழு விரல்களோடு காத்திருந்தார்.

இது எட்டாவதாகவும் இருக்கலாம்.
இருக்கட்டும்.
கூடுதலாகக் கட்டிய தவணையை
எந்த மலையும் திருப்பித் தந்ததில்லை.